கப்பலில் வந்த அத்தை

...கை நீளக் கூடாது, அவ்வளவுதான், எதிரே காலிக் கோப்பை கிடந்தாலும், மேசையில் டீ கொட்டி ஓடினாலும், கை மடியில்தான் கிடக்க வேண்டும், வக்கீல் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. மீசை முளைத்த நாளிலிருந்து பஸ் ஸ்டாண்டு ஹோட்டலில் தட்டு தூக்கிய கை, சொன்னால் கேட்குமா, முதல் மாதம் வக்கீல் வீட்டில் சாப்பிட்டு எழும்போதெல்லாம் தன் தட்டோடு அவர் தட்டையும் சேர்த்து அடுக்கிவிடுவான், அவர் தலையில் அடித்துக்கொள்வார், டேய், ராஜா வீட்டுப் பிள்ளைடா நீ... வெளியே இளவரசே, கதவைச் சாத்தினால் டேய். இப்போது பார், கை தன்பாட்டுக்குக் கிடக்கிறது. அரண்மனையின் பெரிய அறை, நீள மேசை, சுற்றிலும் இறந்துபோன ராஜாவின் பங்காளிகள், ஒருவருக்கும் இவனைப் பிடிக்கவில்லை, ஒருவருக்கும் இவனை இல்லையென்று சொல்லத் துணிச்சலும் இல்லை. காரணம் சுவரில் தொங்குகிறது. படத்தில் இருக்கும் ராஜாவின் மூக்கும் இவன் மூக்கும் ஒரே அச்சு. அந்த மூக்கு ஒன்றுதான் அசல், மீதியெல்லாம் வக்கீலின் கைவேலை. சின்ன வயதில் ஏரியில் படகு கவிழ்ந்து காணாமல் போன இளவரசன், உடல் கிடைக்கவில்லை, ராஜாவுக்கு வேறு பிள்ளையும் இல்லை, யாரோ கரையேற்றி வளர்த்து இத்தனை வருஷம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறான், கதை அவ்வளவுதான், நல்ல கதை, ஓட்டை இல்லாத கதை. இன்று இந்த மேசையில் அத்தை ஆமாம் என்றால் சிம்மாசனம், இல்லை என்றால் ஜெயில். பயமா? எதற்குப் பயம், ராத்திரி நன்றாகத் தூங்கினான், காலையில் பசித்தது.

ஜனங்கள் கேள்வியிலேயே பதிலையும் வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள், அது வக்கீலுக்கே தெரியாத வித்தை. அந்தக் குதிரை ஞாபகம் இருக்கா தம்பி என்றான் கிழட்டு லாயக்காரன், ஏறமாட்டேன்னு அழுவீங்களே, அந்த வெள்ளை... வெள்ளையனை மறப்பேனா என்றதும் அவன் தேம்பித் தேம்பி அழுதான், வெள்ளையன் என்பது இவன் அந்த நொடியில் வைத்த பேர். ஹோட்டலுக்கு வருகிறவன் என்ன இருக்கு என்றுதான் கேட்பான், என்ன வேண்டும் என்பதை வாசலிலேயே முடிவு செய்திருப்பான், அவன் கண் எங்கே போகிறது என்று பார்த்து அதைச் சொன்னால் போதும், பிரமாதம்பா என்பான். ஆனால் அத்தை விஷயம் வேறு, நேற்றுவரை அது வேறு. ராஜாவின் தங்கை, அண்ணனுக்குப் பிடிக்காத ஒருவனோடு பத்தொன்பது வயதில் கடல் தாண்டிப் போனவள், காணாமல் போன பிள்ளையை இடுப்பில் தூக்கி வளர்த்தவர்களில் உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான், முப்பத்தைந்து வருஷம் ஒரு தகவலும் இல்லை, ராஜா செத்த செய்தி கேட்டு இந்தக் கப்பலில் வருகிறேன் என்று தந்தி கொடுத்தாள். பங்காளிகள் சபையின் தலைவர், ராஜாவின் சித்தப்பா மகன், எமகாதகர், நேற்று துறைமுகத்தில் காரை விட்டு நகராமலே சொன்னார், உங்க அத்தையை நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க, நாங்க இங்க நிக்கிறோம். ஐம்பது வயதுப் பெண்கள் கூட்டம் கூட்டமாக இறங்கினார்கள், கையில் இருந்ததோ ஒரு குமரியின் மங்கிய படம், வக்கீலின் முகம் வெளுத்துவிட்டது. இவன் படத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தான். யாரையோ தேடுகிறவர்கள், யாரோ கையசைப்பவர்கள், இவர்களை எல்லாம் தள்ளிவிட்டால் மிச்சம் ஒருத்தி, பழுப்புப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு யாரையும் எதிர்பார்க்காமல் நின்றாள். நேராகப் போய் அத்தை என்றான். அவள் இவனைப் பார்த்தாள், இவனுக்குப் பின்னால் நின்ற காரைப் பார்த்தாள், காருக்குப் பக்கத்தில் கைகட்டி நின்ற பெரியவர்களைப் பார்த்தாள், விலைப்பட்டியலைப் படிக்கிற நேரம்தான், பிறகு கன்னத்தில் கை வைத்து, வளந்துட்டியேடா என்றாள். தலைவரே ஓடிவந்து பெட்டியைத் தூக்கினார். முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்திய முகம் அவர்களுக்கு மட்டும் ஞாபகம் இருக்குமா, அதற்குப் பிறகு அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை, இளவரசனே கண்டுபிடித்த அத்தை, இளவரசிகளிடம் பாஸ்போர்ட் கேட்கிற வழக்கமும் கிடையாது. என்ன அதிர்ஷ்டம், எப்பேர்ப்பட்ட கண் எனக்கு, என்று காரில் நினைத்துக்கொண்டே வந்தான்...

டீ வந்தது. வேலைக்காரன் தட்டை மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனான், எல்லோரும் அவரவர் கோப்பைக்குக் காத்திருந்தார்கள், அத்தை பக்கத்தில்தான் தலைவர், அவள் ஏதோ ஞாபகத்தில் ஒரு கோப்பையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு, ஒற்றை விரலால், கைப்பிடி அவருடைய வலது கைக்கு நேராக வரும்படி கோப்பையைத் திருப்பினாள். கரண்டியை அதன் பக்கத்தில் நேராக்கினாள். கையை அவர் முகத்துக்குக் குறுக்கே கொண்டுவராமல் தோளுக்குப் பின்னால் எடுத்துக்கொண்டாள். கண் இமைக்கிற நேரம். தலைவர் பார்க்கவில்லை, பரிமாறப்படுகிறவன் என்றைக்கு அதைப் பார்த்திருக்கிறான், ஊதி ஊதிக் குடித்தார். இவன் பார்த்தான். அந்த விரல்... கல்லாவிலிருந்து முதலாளி கத்திக் கத்திப் பழக்கிய விரல் அது, பிடி வலப்பக்கம், பிடி வலப்பக்கம், எத்தனை தடவைடா சொல்றது. அரண்மனையில் பிறந்தவளுக்கு அதை யார் கத்தியிருப்பார்கள்?

சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது, இருமலாக மாற்றிக்கொண்டான். அடப்பாவி, இத்தனை பெண்களில் நான் போய்ப் பிடித்தது என் ஜாதியையா, கப்பலிலிருந்து வேலை தேடி இறங்கிய யாரோ ஒரு சர்வரை அத்தையாக்கிக் காரில் ஏற்றிவந்துவிட்டேனா, இவளும் நேற்று ராத்திரி முழுக்க என்னைப்போலவே கேள்விக்குள் இருந்த பதில்களைப் பொறுக்கியிருப்பாள், வயசாச்சு, ஞாபகம் இல்லப்பா என்று அவள் சொல்லும்போதெல்லாம் அவர்களே எடுத்துக்கொடுத்தார்களே. இவள் அத்தை என்பதற்கு நான் சாட்சி, நான் இளவரசன் என்பதற்கு இவள் சாட்சி, என்ன ஒரு பொருத்தம், நான் விழுந்தால் அவளும் விழுவாள், இதைவிட உறுதியான உறவு எந்தக் குடும்பத்தில் இருக்கிறது. சரி, அப்படியானால் தந்தி கொடுத்தவள் எங்கே? கப்பலிலேயே... துறைமுகத்தில் ஏதாவது அறை எடுத்து... வந்தால் வரட்டும், இரண்டு பேர் அவளைத் தெரியாது என்றால் தெரியாதுதான். பிறகு இன்னொன்று தோன்றியது, அது தோன்றாமல் இருந்திருக்கலாம். முப்பத்தைந்து வருஷம் வெளியூரில் எதைத் தின்று வாழ்ந்திருப்பாள்? கூட்டிக்கொண்டு போனவன் விட்டுவிட்டுப் போயிருந்தால்? ராஜா சல்லிக்காசு அனுப்பவில்லை என்று ஊருக்கே தெரியும், இளவரசிக்கும் வயிறு உண்டு, ஹோட்டலில் கோப்பை தூக்கியிருக்கலாம், பிடி வலப்பக்கம் என்று அங்கேயும் ஒரு முதலாளி கத்தியிருக்கலாம். அப்படியென்றால் அவள் அசல். அசலுக்கு என் சாட்சி எதற்கு, அவளுக்கு யார் தயவும் வேண்டாம், தூக்கி வளர்த்த பிள்ளை இவன் இல்லை என்று நேற்றே தெரிந்திருக்கும், ஊர்கூடியிருக்கும்போது சொல்வதற்காகத்தான் இன்றுவரை வாயைத் திறக்கவில்லையோ... தன் அத்தை போலியாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்ட இளவரசன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று நினைத்தான். முகம் மட்டும் சுவர் மாதிரி இருந்தது. அதில் அவனுக்குத் திருப்தி.

தலைவர் கோப்பையைத் தள்ளி வைத்தார், தொண்டையைச் செருமினார், குடும்பத்துக்கு வந்த சோதனை, காலமான அண்ணனின் ஆசை, என்று எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் கேட்டார், இவர் உங்க அண்ணன் பிள்ளைதானா என்று. அத்தை படத்தைப் பார்க்கவில்லை. இவனைப் பார்த்தாள். அவள் கண்ணில் பதில் இருக்கிறதா என்று தேடினான், வாடிக்கைக்காரன் கண்ணில் தேடுவதுபோல, ஒன்றும் இல்லை, துடைத்த மேசை.

"மூக்கு எங்க அண்ணன் மூக்குதான். ஆனா மூக்கு யாருக்கு வேணும்னாலும் வரலாம்."

வக்கீலின் பேனா நின்றுவிட்டது. இவன் கதவு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டான்.

"நேத்து அத்தனை பேர் இறங்குனோம். என்னைத் தேடி வந்து அத்தைன்னு கூப்பிட்டான். என்னை அப்படி யாரும் கூப்பிட்டு முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. இவன்தான். எழுதிக்கோங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்தன, எல்லோரும் எழுந்து நின்றார்கள், இவன் மட்டும் உட்கார்ந்திருந்தான், ராஜா உட்கார்ந்திருக்கலாம். பார்த்தாயா, நடந்துவிட்டது, நடக்கும் என்று தெரியும், இந்த முகத்தை நாணயத்தில் போடுவார்கள், மூக்கு நன்றாக விழும். அவள் கடைசியில் சொன்னதை மறுபடி மனதுக்குள் ஓட்டினான், தேடி வந்து அத்தை என்று கூப்பிட்டவன் இவன்தான், அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. யார் சொல்லியிருந்தாலும் பொய் இல்லை, கெட்டிக்காரி.

வக்கீல் டெலிபோனைத் தேடி ஓடினார், பெரியவர்கள் பட்டாபிஷேகத்துக்கு நாள் பார்ப்பதில் இறங்கிவிட்டார்கள். இவனும் அத்தையும் நீளத் தாழ்வாரத்தில் நடந்தார்கள், காவலாள்கூட இல்லை. இப்போது கேட்டுவிடலாம், நீங்க யாரு என்று கேட்டால் போதும், இரண்டே வார்த்தை... கேட்கிறவன் யார் என்று அவள் திருப்பிக் கேட்டால்? அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள், முன்னால் பார்த்தபடியே, வெயிலைப் பற்றிக் கேட்பதுபோல.

"அம்மா இருக்காங்களா?"

ராணி, பிள்ளை போன துக்கத்தில், அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தது நாடறிந்த விஷயம், இதே தாழ்வாரத்தில் படமாகத் தொங்குகிறாள், அத்தை அந்தப் படத்துக்குக் கீழேதான் நின்றாள். எல்லாக் கேள்விக்குள்ளும் பதில் இருக்கும், இதற்குள் எந்தப் பதில் இருக்கிறது? எந்த அம்மா, படத்தில் தொங்குகிறவளா, ஊரில் இருக்கும் பெற்றவளா? யோசித்து முடிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"இருக்காங்க அத்தை. கண்ணுதான் சரியாத் தெரியல."

அவள் தலையசைத்தாள். பார்த்துக்கோ என்று சொன்ன மாதிரி இருந்தது, சொன்னாளா என்று தெரியவில்லை, அதற்குள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கழுத்தை நீட்டிக் கயிற்றையும் அவள் கையில் கொடுத்தாயிற்று, போகட்டும், அவள் சொல்லமாட்டாள், சொன்னாலும் சமாளிக்கலாம், எதைத்தான் சமாளிக்கவில்லை... அது சரி. ஆனால் தாழ்வாரத்தில் ஒரு ஆளும் இல்லையே, பிறகு யார் காதில் விழுவதற்காக அவளை அத்தை என்று கூப்பிட்டோம்...