தம்பியின் கார்

எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவிக் கைக்குட்டையில் துடைத்தபோதுதான், தம்பியின் காரில் இதுவரை கையே வைத்ததில்லை என்பது மெக்கானிக்குக்கு உறைத்தது. தம்பியை உள்ளே கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். முந்தின நாள் அலுவலகப் படிக்கட்டில் மூச்சு வாங்குகிறதென்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அவன் மகள் ரயிலில் வந்துகொண்டிருந்தாள். அழைத்துவர வேறு வண்டி இல்லை.

பழைய கார், மேடு ஏறத் திணறும். டர்போ பொருத்தப்போகிறேன் என்று தம்பி பட்டறைக்கு வந்து நின்ற அன்று, வாடிக்கையாளர்கள் முன்னாலேயே இவர் சிரித்துவிட்டார்.

"கம்பெனிக்காரன் கணக்குப் போட்டுச் செஞ்ச என்ஜின்டா அது. அதுக்குள்ள கூடுதலா காத்தைத் திணிச்சா பிஸ்டன் பொத்துக்கும். அப்புறம் உன் பொண்டாட்டி அதுல சோறுதான் வடிக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும்தான். அதன்பிறகு அவன் பட்டறைப் படி ஏறவில்லை. ஒருநாள் மட்டும் வாசலில் ஹாரன் கேட்டது. லாரிக்கு அடியில் படுத்திருந்த இவருக்கு யாரென்று தெரிந்தது. 'வேணும்னா இறங்கி வரட்டும்' என்று ஸ்பேனரைத் திருகிக்கொண்டே இருந்தார். ஹாரன் இன்னொரு தடவை அடித்து ஓய்ந்தது.

இப்போது பானட்டுக்குள் குனிந்து பழக்கதோஷத்தில் குறை தேடினார். டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பும் குழாய் எங்கும் மடங்காமல் சரிவாக இறங்கியது. சூட்டுக்குத் தகடு மறைப்பு. உள்ளே போகும் காற்றைக் குளிரவைக்க முன்பக்கம் ஒரு ரேடியேட்டர். அழுத்தம் காட்டும் மீட்டரில், பாதிக்கும் வெகு கீழே, சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு.

தம்பி மனைவி சாவியோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"முள்ளை அந்தக் கோட்டைத் தாண்டவே விடமாட்டாரு, மாமா. தாண்டினா அண்ணன் சொன்னது நடந்துடும்பாரு."

இவர் எண்ணெய் மூடியை இறுக்கினார். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

"ஒரு வாட்டி உங்கள உக்கார வெச்சு ஓட்டணும்னு..." முடிக்காமல் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ரயிலடியில் அந்தப் பெண் காரைத்தான் முதலில் பார்த்தாள். ஒரு கணம் அவள் முகம் மலர்ந்தது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்துகொண்டு பெரியப்பா இறங்கினார்.

திரும்பும் வழியில் பெரிய மேடு வந்தது. கியரைக் குறைக்கக் கை போனவர், குறைக்காமல் மிதித்தார். எங்கோ மெல்லிய விசில் சத்தம் எழுந்தது. யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல வண்டி ஏறியது. முள் கோடு வரை வந்து நின்றது. தட்டல் இல்லை, திணறல் இல்லை.

"எப்படி இருக்கு பெரியப்பா?"

"நல்லா இழுக்குதும்மா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மேடு முடிந்ததும் தெரு. வாசலில் கூட்டம். வண்டியை நிறுத்திச் சாவியில் கை வைத்தார்.

"உடனே ஆஃப் பண்ணாதீங்க. மேடேறி வந்திருக்கு, டர்போ கொதிச்சிட்டிருக்கும். கொஞ்ச நேரம் சும்மா ஓடட்டும்."

அவருக்குத் தெரியாததல்ல. "ஆமாம்மா, ஓடட்டும்" என்று கையை எடுத்துக்கொண்டார்.

கூட்டம் விலகி வழிவிட்டது. கதவைத் திறந்துவிட வந்த ஒருவர், உள்ளே இருவரும் நேரே பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.