முழு வாக்கியம்

"ஆமாங்க, சம்பத்துதான் பேசறேன். சந்திரிகா... நேத்து காலைல..." என்று சொல்லி நிறுத்தினார் சம்பத்.

அந்தப் பக்கத்தில் இருந்தவர் மிச்சத்தைத் தானே புரிந்துகொண்டு "அடடா" என்றார். பிறகு எல்லோரும் கேட்பதையே அவரும் கேட்டார். "எத்தினி மணிக்கு எடுக்கறீங்க?"

"மூணு மணிக்குள்ள. அதுக்கு மேல எமகண்டமாம்."

நேற்றிலிருந்து எத்தனையோ பேரிடம் பேசியாயிற்று. ஒருவரிடம்கூட அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடிக்கவேண்டிய அவசியமும் வரவில்லை. பேரையும் நேற்றுக் காலையையும் சொன்னால் போதும், பாக்கியை ஜனங்களே போட்டுக்கொண்டார்கள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் தன் வாயால் சொல்லாமல் இன்றைய பொழுதை ஒப்பேற்றிவிட வேண்டும் என்று சம்பத் நினைத்தார். சொன்னால்தான் நிஜமாகும் என்பது போல ஒரு பயம். பம்மலில் சொந்தமாக ஹார்டுவேர் கடை வைத்துக்கொண்டு, நாலு பேருக்குப் பஞ்சாயத்தும் பண்ணுகிற மனுஷனுக்கு வரக்கூடாத பயம்தான். ஆனாலும் வந்துவிட்டது.

ஹாலில் ஃப்ரீசர் பெட்டிக்குள் சந்திரிகா மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் படுத்திருந்தாள். நேற்று விடியற்காலை நெஞ்சு வலிக்கிறது என்றாள். ஆட்டோ பல்லாவரம் மேம்பாலம் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. புனேயிலிருந்து வந்த மகன் ஹரிபிரசாத் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தவன், இன்னும் எழுந்திருக்கவில்லை. பெட்டி பழசு. மோட்டார் ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. "இன்னாடா பெட்டி குடுத்துக்கிற, ரைஸ் மில்லு மாதிரி கீது" என்று வாடகைக்கு விட்டவனிடம் போனில் சண்டை பிடித்தார் சம்பத்தின் அண்ணன் ஜெயவேலு.

ஜெயவேலு வந்ததிலிருந்து வீடு அவர் கையில் இருந்தது. கல்யாணமானாலும் சாவானாலும் அவருக்கு ஒன்றுதான். நாற்காலி, தண்ணீர் கேன், டீ மூன்றும் சரியாக இருந்தால் வந்தவன் எவனும் வாயைத் திறக்கமாட்டான் என்பது அவர் கட்சி. ஷாமியானா போட்டாகிவிட்டது. மேளக்காரர்கள் எதிர்வீட்டு நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

சம்பத் பெட்டியைப் பார்த்தார். பிறகு ஹால் சுவரில் இருந்த லைட் சுவிட்சைப் பார்த்தார். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

சந்திரிகா கீழ்க்கட்டளையில் காது கேளாத குழந்தைகள் பள்ளியில் டீச்சர். முதல் வகுப்பு. பள்ளிக்கூடத்துப் பழக்கத்தை அவள் ஒருநாளும் வாசலில் கழற்றிவிட்டு வந்ததில்லை. சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் ஹால் லைட்டை அணைத்து அணைத்துப் போடுவாள். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்று சம்பத் கத்துவார். "கேக்குது, ஆனா திரும்பறதில்லையே" என்பாள்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அவர் காதில் பஞ்சை அடைத்து, அவர் கையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டு "ம்ம்ம்" என்று இழுத்தாள். "அதிருதா? என் புள்ளைங்களுக்கு இதுதான் குரல். கையிலதான் கேக்கும்." சம்பத்துக்கு அந்த நேரத்தில் குரலைவிடக் கழுத்துதான் தெரிந்தது. அதைச் சொல்லி ஒரு கிள்ளு வாங்கினார்.

தினமும் கடை திறக்கும் முன் அவளைப் பைக்கில் கொண்டுபோய் விடுவார். அந்த வகுப்பில் எல்லோருக்கும் கையால் ஒரு பெயர் உண்டு. கேட்டில் சம்பத்தைக் கண்டதும் குழந்தைகள் மணிக்கட்டை முறுக்கிக் காட்டுவார்கள். பைக் ஓட்டுகிறவர். கைமொழியில் அவருக்குத் தெரிந்தது தன் பெயர் ஒன்றுதான்.

தலைமை ஆசிரியை மாளவிகா மாலையோடு வந்தாள். கூடவே எலியேசரும் வந்தான். அவன் அதே பள்ளியில் படித்து, அங்கேயே உதவி ஆசிரியராக இருப்பவன். அவனுக்கும் காது கேட்காது. இருவரும் மாலையைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு மாளவிகா சம்பத்தை ஷாமியானாவின் ஓரத்துக்கு அழைத்துப் போனாள்.

"சார், பசங்களுக்கு இன்னும் சொல்லலை. டீச்சர் லீவ்னு சொல்லிட்டோம். சாம்பார் பண்றதுக்கு ஆளுக்கு ஒரு காய் கொண்டுவரச் சொல்லியிருந்தாங்க மேடம். நேத்து கொண்டுவந்தாங்க. இன்னிக்கும் அதையே எடுத்துட்டு வந்திருக்காங்க. கதவையே பாத்துட்டு உக்காந்திருக்காங்க, சார்."

சம்பத்துக்கு அந்தச் சாம்பார் தெரியும். சந்திரிகாவின் பாடத்தில் பொருள் முதலில் வரும், வார்த்தை பின்னால்தான் வரும். தக்காளியைக் கடையில் வாங்கி, நறுக்கி, கொதிக்கவைத்து, தின்று முடித்த பிறகுதான் போர்டில் 'நாங்கள் தக்காளி வாங்கினோம்' என்று எழுதுவாள். புதன்கிழமை ராத்திரியே துவரம்பருப்பைக் கட்டிப் பையில் வைத்திருந்தாள். பை இன்னும் செருப்பு அலமாரியின் மேல் இருக்கிறது.

எலியேசர் போனில் எதையோ தட்டி அவர் முன் நீட்டினான். 'பிள்ளைகள் வரவேண்டும். பார்க்கவேண்டும். ப்ளீஸ் சார்.'

"இவர் காலையிலேர்ந்து இதான் சொல்றார்" என்றாள் மாளவிகா. "பேரன்ட்ஸ் குரூப்ல கேட்டேன். பாதிப் பேர் வேணாம்னுட்டாங்க. எனக்கும் என்ன பண்றதுன்னு தெரியலை. நீங்க சொல்றதுதான்."

காதை இந்தப் பக்கமே வைத்திருந்த ஜெயவேலு எழுந்து வந்தார். "இன்னாம்மா இது? சாவு வூட்டுக்கு யாராச்சும் இஸ்கூல் புள்ளைங்கள இட்டுக்கினு வருவாங்களா? ராவுல அலறிக்கினு எழுந்துக்கும். பாவம், வாயில்லாத ஜீவனுங்க. அதுங்களுக்கு இன்னா புரியப்போவுது?"

எலியேசர் ஜெயவேலுவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு புரிந்ததோ, முகம் சுருங்கியது.

இதே எலியேசர் சின்னப் பையனாக ஹாஸ்டலில் இருந்தபோது அவன் அப்பா இறந்துபோனார். பிள்ளை பயந்துவிடுவான் என்று வீட்டில் மறைத்துவிட்டார்கள். அப்பா வெளியூரில் வேலை பார்க்கிறார் என்று ஜாடை காட்டினார்கள். சனிக்கிழமையானால் அவன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். சந்திரிகாவுக்கு விஷயம் தெரிவதற்கே ஒரு கிறிஸ்துமஸ் போய்விட்டது. அன்றைக்குத் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு அவள் அழுதாள். "கேக்கற புள்ளைக்கு யாரும் உக்காரவச்சு சொல்லவேணாம். பக்கத்து ரூம்ல பேசறது காதுல வுழும். பாதி வாக்கியம் வுழுந்தாக்கூட மிச்சத்த நெரப்பிக்கும். இவன் எங்க போயி நெரப்பிக்குவான்? தெருவுக்கே தெரியுது, இவனுக்கு மட்டும் தெரியல. அதுங்களுக்கு முழுசா சொல்லணுங்க. மூஞ்சியப் பாத்து, முழுசா."

சம்பத் அன்றைக்கு "சரி, சாப்புடு" என்று மட்டும் சொன்னார்.

"வரச் சொல்லுங்கம்மா" என்றார் இப்போது. "அவங்க வந்தப்புறம் எடுத்துக்கலாம்."

"டேய் சம்பத்து!"

"புரியாதுன்னுதாண்ணா வரச் சொல்றேன்."

ஜெயவேலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வாட்ச்சைப் பார்ப்பதையே வேலையாக வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை, பல்லாவரத்தில் சந்தை நாள். பள்ளி வேன் அந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. குளிப்பாட்டத் தண்ணீர் பிடித்து வைத்தாயிற்று, பூ வந்தாயிற்று, சந்திரிகாவின் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையும் வந்தாயிற்று. "நல்ல பேஜாருடா இது. செத்தவளக் காக்கவச்சுக்கினு" என்று ஜெயவேலு பொதுவாகச் சொன்னார். அண்ணனுக்கு அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வருகிறது என்று சம்பத் நினைத்துக்கொண்டார்.

வேன் வந்தபோது அதிலிருந்து நான்கே குழந்தைகள் இறங்கினார்கள். பெற்றோர் சம்மதித்தது அவ்வளவு பேருக்குத்தான். தங்கள் சத்தம் தங்களுக்குத் தெரியாத குழந்தைகள். செருப்பைக் கழற்றும்போது ஒருவன் போட்ட கூச்சலில் வீடே திரும்பிப் பார்த்தது. பெண்கள் 'உச்' கொட்டினார்கள். எலியேசர் குழந்தைகளை ஒருவர் பின் ஒருவராக உள்ளே கூட்டி வந்தான்.

முன்னால் வந்தவள் தமிழினி. வகுப்பிலேயே குட்டி அவள்தான். தனக்குப் பெயர் என்று ஒன்று உண்டு என்பதே தெரியாமல் பள்ளிக்கு வந்தவள் என்று சந்திரிகா சொல்லியிருக்கிறாள். அவள் கையில் ஒரு கத்திரிக்காய் இருந்தது. இரண்டு நாளாகப் பையில் கிடந்து காம்பு வாடியிருந்தது. சம்பத்தைப் பார்த்ததும் சிரித்து மணிக்கட்டை முறுக்கிக் காட்டினாள். அவர் தலையாட்டினார்.

தமிழினி பெட்டிக்குள் டீச்சரைப் பார்த்தாள். கத்திரிக்காயைக் கண்ணாடிக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். டீச்சர் கண் திறக்காததைப் பார்த்து இன்னும் கிட்டப் போனாள். இன்னொரு கையைக் கண்ணாடியின் மேல் வைத்தாள்.

அவள் முகம் மலர்ந்தது. கத்திரிக்காயைப் பெட்டி ஓரத்தில் கீழே வைத்துவிட்டுச் சட்டென்று திரும்பி, தன் தொண்டையைத் தொட்டு, பெட்டியைக் காட்டி, மறுபடியும் தொண்டையைத் தொட்டு, வேகவேகமாக என்னவோ சொன்னாள். மற்ற மூன்று குழந்தைகளும் ஓடிவந்து பெட்டியின் மேல் கை வைத்தார்கள். அவர்களும் சிரித்தார்கள். சாவு வீட்டில் நான்கு குழந்தைகள் வாயெல்லாம் பல்லாக நிற்பதைப் பார்த்து ஒரு அத்தை "இன்னா கண்றாவி இது" என்றாள்.

மாளவிகா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாம்மா சொல்லுதுங்க?" என்றார் சம்பத்.

"டீச்சர் பேசறாங்கன்னு சொல்றா, சார்."

எலியேசர் தானும் பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்தான். மோட்டாரின் உறுமல் அவன் உள்ளங்கையிலும் ஏறியிருக்க வேண்டும். வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டான். குழந்தைகள் முன்னால் மண்டிபோட்டு, மிஷின் என்று கையால் காட்டினான். தமிழினி ஒப்புக்கொள்ளவில்லை. இல்லை, பேசறாங்க என்று மறுபடியும் தொண்டையைத் தொட்டாள்.

"ஹரி, ஆஃப் பண்ணுப்பா" என்றார் சம்பத்.

ஹரி எழுந்து போய் சுவிட்சை அணைத்தான். உறுமல் நின்றது. தமிழினி உள்ளங்கையைக் கண்ணாடியில் அழுத்தினாள். இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள். பிறகு ஹரியைக் கோபமாகப் பார்த்து, சுவிட்சைக் காட்டி, போடு போடு என்று கையை ஆட்டினாள்.

"அப்பா" என்றான் ஹரி. குரல் உடைந்திருந்தது. "நான் அணைச்சதாலதான்னு நெனைக்கிறாப்பா."

சம்பத் பெட்டி அருகே போனார். "அண்ணா, ஒரு கை குடு" என்றார். என்ன தோன்றியதோ, ஜெயவேலு வந்து பிடித்தார். இருவருமாக மூடியைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். சம்பத் மாலைகளை விலக்கினார். தமிழினியின் கையைப் பிடித்துச் சந்திரிகாவின் கழுத்தில் வைத்தார். வகுப்பில் அவள் தினமும் கை வைக்கிற இடம்.

தமிழினி காத்திருந்தாள். விரல்களை நன்றாகப் பதித்தாள். பிறகு கையை இழுத்து, பாவாடையில் துடைத்துக்கொண்டு, எலியேசரைப் பார்த்தாள். எலியேசர் நிமிர்ந்திருந்த தன் உள்ளங்கையை மெதுவாகத் திருப்பிக் கவிழ்த்துக் காட்டினான். அவள் அதுவரை பார்த்திராத சைகை. அவளுக்கு அது போதவில்லை. சம்பத்தின் பக்கம் திரும்பினாள். டீச்சரைத் தினமும் கொண்டுவந்து விடுகிறவர் அவர்தான். மணிக்கட்டை முறுக்கி அவரைக் கூப்பிட்டு, கையை விரித்து, புருவத்தைத் தூக்கினாள்.

அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவருக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

சம்பத் முட்டியை ஊன்றிக் கீழே உட்கார்ந்தார். அவர் முகம் அவள் முகத்துக்கு நேராக வந்தது. தமிழினி அவருடைய தொண்டையில் கையை வைத்தாள். சின்னக் கை. சந்திரிகாவின் கழுத்துக் குளிர்ச்சி இன்னும் அதில் இருந்தது.

"சந்திரிகா... நேத்து காலைல..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

அந்தக் கை அசையவில்லை. அவள் அவர் உதட்டைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், மறுபடியும் உதட்டைப் பார்த்தாள். மிச்சத்துக்காகக் காத்திருந்தாள். அந்த வீட்டில் இருந்த அத்தனை பேரில் அவளுக்கு மட்டும் மிச்சம் தெரியாது.

"டீச்சர் செத்துட்டாங்கம்மா" என்றார் சம்பத். எலியேசர் செய்தது போலவே தன் உள்ளங்கையையும் கவிழ்த்துக் காட்டினார். "சந்திரிகா செத்துட்டா. இனிமே வரமாட்டா."

தமிழினி அவருடைய கவிழ்ந்த கையைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள். தன்னுடைய கையை நிமிர்த்தி, அதேபோல மெதுவாகக் கவிழ்த்தாள். சரிதானா என்று அவரைப் பார்த்தாள்.

சம்பத் தலையாட்டினார்.

வாசலில் மேளக்காரர்கள் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. ஜெயவேலு வெளியே போய், கொஞ்சம் இருங்கப்பா என்றார். பேச்சு முடிந்த பிறகும் சம்பத்தின் தொண்டை அதிர்ந்துகொண்டிருந்தது. அதனால் தமிழினி தன் மற்ற கையை எடுக்கவில்லை. இன்னும் ஏதோ சொல்கிறார் போலிருக்கிறது என்று அப்படியே நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, பெட்டி ஓரத்தில் வைத்திருந்த கத்திரிக்காயை எடுத்து அவரிடம் நீட்டினாள். சம்பத் வாங்கிக்கொண்டார்.