எட்டு விபத்துகளின் சொந்தக்காரி

பதினேழு வருடமாக வேன் ஓட்டுகிறேன். அதில் நான் இடித்தது ஒரே ஒரு தடவை, அதுவும் எங்கள் வீட்டுக் கேட்டை. அப்படியிருக்க, காப்புறுதிக் கம்பனி என் பேரில் எட்டு விபத்தை எழுதி வைத்திருந்தது.

கடுகண்ணாவையிலிருந்து கண்டிக்குப் பத்தொன்பது பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிப் போகிறேன். முழுக் காப்புறுதி இல்லாத வேனை அந்தப் பாடசாலை வாசலில் நிறுத்த விடமாட்டார்கள். திங்கட்கிழமை புதிய பாடசாலைத் தவணை தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை காலை கம்பனியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. நான் அடிக்கடி நட்டஈடு கேட்கிறவளாம், அதனால் ஞாயிறோடு முடியும் என் காப்புறுதியைப் புதுப்பிக்க முடியாதாம். வேறு இரண்டு கம்பனிகளுக்கு அழைத்தேன். என் போன் இலக்கத்தைக் கேட்டார்கள், கொஞ்ச நேரம் எதையோ தட்டினார்கள், அதே பதிலைச் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைகளை ஏற்றி இறக்கிச் சம்பாதித்துக் கட்டிய வீட்டில் தான் இருக்கிறேன். திங்கட்கிழமை வேன் ஓடாவிட்டால் அந்தப் பத்தொன்பது பேரும் வேறு வேனில் ஏறிவிடுவார்கள், பிறகு திரும்பி வரமாட்டார்கள்.

பத்து மணிக்குக் கண்டிக் கிளையில் நின்றேன். றொமேஷ் என்ற அதிகாரி, மரியாதையான பிள்ளை, கணினியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"எட்டு சம்பவம் இருக்கு அக்கா. நாலு கம்பனியிலருந்து வந்த தகவல்."

"எங்க, காட்டுங்க."

"அது கம்பனிகளுக்குள்ள பகிர்ந்துக்கிற தகவல். வெளியாளுக்குக் காட்ட ஏலாது."

"என் பேருல இருக்கிறதுக்கு நான் வெளியாளா? நாலு கம்பனி பார்க்கலாம், நான் பார்க்கக் கூடாதா?"

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பட்டியலைக் காட்டும் வரை எழும்பமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வேலை முடிந்து போனார்கள். பன்னிரண்டரைக்கு அவர் திரையை என் பக்கம் திருப்பினார்.

திகதி, நேரம், இடம், அழைத்தவர் பெயர், போன் இலக்கம். அவ்வளவு தான். வாகன இலக்கம் கிடையாது, பணம் யாருக்குப் போனது என்பதும் கிடையாது. எட்டு வரியிலும் இடம் ஒன்று தான், எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ரோட்டு வளைவு. பெப்ரவரி பதினாலு, காலை ஆறே கால் என்ற வரியைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. மர்சூக் நானாவின் மரக்கறி லொறி சரிந்த நாள். அவர் தந்த முட்டைக்கோவாவை ஒரு வாரம் சமைத்தோம், எப்படி மறக்கும்!

அந்த வளைவில் மலை மறைப்பதால் போனுக்குச் சிக்னல் எடுபடாது. எடுபடுவது எங்கள் வாசலில், அதுவும் என் போனில் மட்டும். ஆகவே இடித்துக்கொண்டவர்கள் எல்லாம் என் கேட்டைத் தட்டுவார்கள். நான் பால் இல்லாத தேநீர், பிளேன்ரீ, ஊற்றிக் கொடுத்து, அவரவர் கம்பனிக்கு அழைப்பேன். திரும்ப அழைப்பு வரவும் என் போன் தான் வேண்டும். அதனால் பெயரைக் கேட்டால் பெற்றீசியா என்பேன், இலக்கத்தைக் கேட்டால் என்னுடையதைக் கொடுப்பேன். உதவி என்று நான் செய்ததை எல்லாம் அவர்கள் சேர்த்துக் குற்றப்பத்திரிகை ஆக்கியிருந்தார்கள்.

அங்கேயே மர்சூக் நானாவுக்கு அழைத்து, சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தேன்.

"அது என்ட லொறியல்லவா!" என்றார் அவர். "செக்கும் என்ட பேருக்குத் தானே வந்த. கடிதம் ஊட்ல ஈக்கி, இப்பவே போட்டோ அனுப்புறன்."

எனக்குத் தெரிந்த மற்ற நால்வருக்கும் அழைத்தேன். இரண்டு மணிக்குள் ஐந்து பேரின் கடிதங்களும் என் போனுக்கு வந்து சேர்ந்தன. மற்ற மூவர் யாரோ எவரோ, பிளேன்ரீயைக் குடித்துவிட்டுப் போனவர்கள்.

"அஞ்ச எடுத்துரலாம் அக்கா," என்றார் றொமேஷ். "மூணுக்கு நீங்க ஆதாரம் கொண்டு வரணும்."

"தம்பி, செய்யாததுக்கு நான் எங்க போய் ஆதாரம் தேட? எனக்கு நட்டஈடு குடுத்திருந்தா நான் கையெழுத்துப் போட்ட தாள் அந்தக் கம்பனிகள்ட்ட இருக்கணும். ஒரே ஒண்ணக் காட்டச் சொல்லுங்க. வேனை இங்கயே வச்சிட்டு நடந்து போறேன்."

அவர் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அழைத்தார், அங்கிருந்து மற்றக் கம்பனிகளுக்கு அழைத்தார்கள். என் கையெழுத்து எங்குமே இல்லை. நான்கு மணிக்கு எட்டு வரியும் அழிந்தது. அப்போதும் நான் எழும்பவில்லை. இந்தப் பட்டியல் யார் யாருக்குப் போனதோ அவர்கள் எல்லாருக்கும் இது பிழை என்று எழுதி, அந்தக் கடிதத்தின் பிரதியை என் கையில் தந்த பிறகு தான் எழும்பினேன். காப்புறுதிப் பத்திரத்தையும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து வேனைப் பூட்டக்கூட இல்லை, அதற்குள் கேட்டில் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு பெண், நெற்றியில் சிராய்ப்பு, இடுப்பில் குழந்தை. இல்மா என்று பெயர் சொன்னாள்.

"அக்கா, எங்கட ஓட்டோ ரோட்டோரத் தண்ணிக் காணுக்குள்ள போயிட்டு. போனும் வேலை செய்யுதில்ல."

எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போகத் தான் நினைத்தேன். பத்திரத்தின் மை கூட இன்னும் காயவில்லை. குழந்தை என் கையிலிருந்த போனைப் பிடிக்க எட்டியது.

இருவரையும் உள்ளே உட்கார வைத்து, அவர்களுடைய கம்பனிக்கு அழைத்தேன். எடுத்தவள் வழக்கம் போல என் பெயரையும் இலக்கத்தையும் கேட்டாள்.

"பேர் பெற்றீசியா. இலக்கம் இது தான்," என்றேன். "ஆனா வண்டி என்னுது இல்ல, விபத்தும் என்னுது இல்ல, நட்டஈடும் எனக்கு இல்ல. நான் போன் குடுத்து உதவுற ஆள். இத அப்படியே எழுதுங்க, எழுதினத எனக்கு வாசிச்சுக் காட்டுங்க."

"மெடம், அப்படி எழுத இதுல இடமில்லயே."

"இடம் உண்டாக்குங்க மகள். நான் லைன்லயே இருக்கேன்."