மூன்றாம் மாடி ஜன்னலில் இருந்து

மரியமலருக்கு ஒருவழியாக வீடு கிடைத்துவிட்டது. பாரிஸில், லா சப்பலில் ஒரே அறைக்குள் ஐந்து பேராக மூன்று வருடம் முட்டிமோதியவளுக்கு, புறநகர்த் திரான்சியில், அதுவும் மூன்றாம் மாடியில் இரண்டு அறை என்றால் சும்மாவா? தான் துப்புரவு வேலை செய்யும் வீட்டு மதாம் ஸில்பரிடம் விலாசத்தை வாய் நிறையச் சொன்னாள். சுவாமியார் வந்து செபம் சொல்லி வீடு மந்திரிக்கிற அன்று கட்டாயம் வரவேணும் என்றும் சொன்னாள்.

அறுபதை நெருங்கும் அந்த மனுஷி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கட்டடம் எனக்குத் தெரியும். உள்ளே போனதில்லை."

நாஜிகள் பிரான்சை ஆண்ட காலத்தில் யூதர்களை அங்கேதான் அடைத்து வைத்தார்களாம். பிடித்துக் கொடுத்தது பிரெஞ்சுப் பொலிஸ். அங்கிருந்து ரயிலில் ஏற்றிப் போலந்துக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். போர் முடிந்ததும் கட்டடத்தைத் திருத்தி வாடகைக்கு விட்டுவிட்டார்கள். வீடில்லாமல் அலைகிறவன் பழைய கதையெல்லாம் விசாரித்துவிட்டா குடிபோவான்?

மதாமின் தாயையும் ஐந்து வயதுத் தம்பியையும் பிடித்தபோது, பதினான்கு வயது மதாம் பக்கத்து வீட்டில் இருந்ததால் தப்பினாள். அவர்களை வைத்திருப்பது மூன்றாம் மாடியில் என்று யாரோ சொன்னதை நம்பி, தினமும் போய்த் தூரத்துத் தெருமுனையில் நின்று கையசைத்தாள். ஜன்னலில் தலைகள் தெரிந்தன, முகங்கள் தெரியவில்லை. ஒருநாள் அவர்களைக் கொண்டுபோய்விட்டார்கள்.

"வீடு வேண்டாமெண்டு சொல்லிவிடட்டோ, மதாம்?" என்றாள் மரியமலர்.

"நீ வேண்டாமென்றால் இன்னொருத்தி வந்து இருப்பாள். போ. ஒன்றை மட்டும் பார்த்துச் சொல். தெருமுனையில் நிற்கிறவள் யாரென்று அந்த ஜன்னலில் இருந்து தெரியுமா? நாற்பது வருடமாக இதை யாரிடம் கேட்பதென்று தெரியாமல் இருக்கிறேன்."

குடிபோன அன்றே மரியமலர் புருஷன் மடுத்தீனைத் தெருமுனைக்கு அனுப்பிவிட்டு ஜன்னலில் நின்றாள். அங்கே நாலைந்து பேர் நின்றார்கள். கையசைத்துப் பார்த்தாள்.

மடுத்தீன் மூச்சு வாங்கப் படியேறி வந்தான். "எவ்வளவு நேரமாக் கை காட்டுறன், உமக்குத் தெரியேல்லையோ?"

"நீல உடுப்போடை நிண்டது நீங்கள்தானே?"

"அது தபால்காரனப்பா!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போயும்விட்டது. கட்டின புருஷனையே தெரியவில்லை. இதைப் போய் அந்த மனுஷியிடம் எந்த வாயால் சொல்வது?

மறுநாள் வேலைக்குப் போனவள் அதைச் சொல்லவில்லை. "நல்லாத் தெரியுது, மதாம்," என்றாள். "ஆரெண்டே சொல்லலாம்."

மதாம் கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். மகிழ்ந்த மாதிரித் தெரியவில்லை.

"அப்படியென்றால் கடைசி நாளும் அம்மா என்னைத் தேடியிருப்பாள். அன்று நான் போகவில்லை. களைத்துப் போயிருந்தேன். எப்படியும் அங்கிருந்து என்னைத் தெரியாது, ஒருநாள் போகாவிட்டால் என்ன என்று படுத்துவிட்டேன்."

மரியமலர் வாளியை அப்படியே விட்டுவிட்டு மதாமின் காலடியில் உட்கார்ந்தாள். மடுத்தீன் கை காட்டியதையும், தான் தபால்காரனைப் பார்த்துக் கையசைத்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். "பொய் சொல்லிப்போட்டன், மதாம். ஒண்டும் தெரியேல்லை. மாதாவாணை தெரியேல்லை."

மதாம் அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"நீ நல்லவள்," என்றாள். "எனக்காக இப்படியெல்லாம் சொல்கிறாய்."