கொழுத்த குதிரைக்கு ஈடு

நவம்பர் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு பக்கத்தில் ஆள் உட்காரும் தொட்டி வைத்த என் மோட்டார் சைக்கிளை அந்த வருடத்துக்குக் கடைசியாக ஒரு தடவை கிளப்பினேன். ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்பினேன். போகவேண்டிய வேலை ஒன்றும் இல்லை. எண்ணெய் சூடேற வேண்டும், அவ்வளவுதான். குளிர்ந்த எண்ணெய் வடியாது, வடிந்தாலும் கசடை உள்ளேயே விட்டுவிட்டு வரும். பக்கத் தொட்டி காலியாக இருந்தால் வலது வளைவில் தூக்கிக்கொள்ளும் என்பதால் அதில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கை உட்காரவைத்திருந்தேன். பாலத்தடியில் ஆறு இரண்டு கரையிலிருந்தும் உறைந்து வந்து, நடுவில் ஒரு முழ அகலத்துக்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வாரத்தில் அதுவும் மூடிவிடும்.

எங்கள் ஊரில் பலரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. வண்டிக்கும் குளிரும் என்று நினைத்து ஆட்டுக் கொட்டிலில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். மேலே கெட்டியான கம்பளியும் போர்த்துவார்கள், ஏதோ பிறந்த குட்டியைப் போல. அறுபது ஆடுகளின் மூச்சும் மூத்திர ஆவியும் சேர்ந்து மார்ச்சுக்குள் இரும்பைத் தின்றுவிடும். கம்பளி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு மிச்ச வேலையை முடிக்கும். இரும்புக்குக் குளிராது. ஈரம்தான் ஆகாது. என் வண்டி வைக்கோல் கொட்டகையில், காற்றுப் போகிற மூலையில், இரண்டு பழைய தண்டவாளக் கட்டைகளின் மேல் குளிர்காலத்தைக் கழிக்கும். மேலே ஒரு பருத்தி விரிப்பு மட்டும்.

கூட்டுப்பண்ணை கலைந்த வருடம் ஆளாளுக்குப் பங்கு பிரித்தார்கள். பன்னிரண்டு ஆடா, இந்த வண்டியா என்று என் அப்பாவிடம் கேட்டபோது அவர் வண்டி என்றார். ஊரே சிரித்ததாம். ஆடு வாங்கியவர்கள் இரண்டு குளிர்காலத்துக்குள் தின்று முடித்தார்கள். எனக்குக் கல்யாணமானபோது அப்பா வண்டியைச் சீதனமாகக் கொடுத்தார். மெத்தை விரிப்புகளையும் என் கால்நடை மருத்துவப் பள்ளிப் புத்தகங்களையும் பக்கத் தொட்டியில் ஏற்றிக்கொண்டு, மணப்பெண்ணாகிய நானே ஓட்டிவந்து இந்த வாசலில் இறங்கினேன். அது நடந்து இருபத்திரண்டு வருடமாகிறது. அதிலிருந்து ஜூன் தொடங்கி செப்டம்பர் முடிய, மேலே மலை மேய்ச்சலில் கூடாரம் போட்டிருக்கும் நாற்பது குடும்பங்களின் மந்தைகளுக்கு ஊசி போடுவதும் பிரசவம் பார்ப்பதும் நான்தான்.

எண்ணெய் தட்டில் வடிந்துகொண்டிருந்தபோது என் கணவர் எசென் வந்து கொட்டகை வாசலில் நின்றார். பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. அவர் அங்கே புவியியல் ஆசிரியர். காய்ச்சலில்கூட விடுப்பு எடுக்காதவர்.

"உம்சுனாய், கொஞ்சம் நிறுத்து."

"ஓடற எண்ணெய எப்படி நிறுத்துறது? சொல்லுங்க."

அவர் சொன்னார். முந்தாநாள் செவ்வாய்க்கிழமை அவருடைய அண்ணன் வீட்டில் சாப்பாடு. இந்த வருடம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் குளிர்கால இறைச்சிக்கு அறுக்கக் குதிரை இல்லை என்ற பேச்சு வந்திருக்கிறது. கீழ் ஊர் அபாஸிடம் கொழுத்த குதிரை ஒன்று இருக்கிறது, ஆனால் அவனுக்கு வேண்டியது வண்டி. சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் உள்ளங்கைகளை ஏந்தி வழக்கமான வாழ்த்தைத் தொடங்கியிருக்கிறார்: வீடு நிறையட்டும், மந்தை பெருகட்டும், பெரியவர்கள் நலமாக இருக்கட்டும், உம்சுனாயின் வண்டிக்கு ஈடாக வரும் குதிரை நமக்கு நல்ல இறைச்சியாகட்டும். சுற்றி இருந்த ஒன்பது பேரும் கைகளை ஏந்தி, முகத்தைத் தடவி, 'ஓமின்', அப்படியே ஆகட்டும், என்றார்கள். என் கணவரும்.

"நீங்களுமா?"

"கை தானா எழுந்திடுச்சு. பிறந்ததுலேருந்து பழகின கை. பாதி தடவினப்புறம்தான் என்ன சொன்னார்னே புரிஞ்சுது."

"புரிஞ்சதும்?"

"பாதியில எப்படி நிறுத்துறது?"

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். எங்கள் மனிதர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின் கை எழுவது கண் இமைப்பது மாதிரி. அதற்குள் ஒரு வியாபாரத்தை நுழைத்துவிட்டால் அது கடவுள் முன்னால் ஒப்புக்கொண்ட வியாபாரம். அண்ணனுக்கு அது தெரியும்.

"எப்ப வர்றாங்க?"

"இன்னைக்கு. மதியத்துக்குள்ள."

வடிகாலின் திருகைத் துடைத்து மூடினேன். புது எண்ணெய் ஊற்றினேன். பழைய எண்ணெயோடு வண்டியை உறங்கவைத்தால் அதிலிருக்கும் புளிப்பு உள்ளே இருந்தே அரிக்கும். பெட்ரோல் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினேன். காலி இடம் இருந்தால் அங்கே வியர்க்கும், வியர்த்த இடத்தில் துரு பிடிக்கும். இரண்டு கார்புரேட்டரையும் சொட்டு இல்லாமல் வடித்தேன். அவர்கள் வருகிறார்கள் என்பதற்காக வேகமாகவும் செய்யவில்லை, வரிசையையும் மாற்றவில்லை. பேட்டரியைக் கழற்றி எசெனிடம் நீட்டினேன்.

"உள்ள கொண்டுபோய் மாவுப் பெட்டி பக்கத்துல வையுங்க. அடுப்புக்கிட்ட வேணாம்."

அவர் பேட்டரியைக் குழந்தையைப் போல வாங்கிக்கொண்டு நின்றார். "குடுத்துட்டா இது வண்டியோட போகவேண்டியதுதானே?"

"மாவுப் பெட்டி பக்கத்துல," என்றேன்.

என் கணவரின் அண்ணன் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. மருமகள் சொல்லக்கூடாது. எழுதுவதற்குத் தடை இருப்பதாக யாரும் சொன்னதில்லை: தோக்தோசுன். பன்னிரண்டரை மணிக்கு அவர் வாசலில் லாரியிலிருந்து இறங்கினார். பின்னாலேயே அபாஸ் குதிரையில் வந்தான். சேணம் இல்லாமல் வெறும் முதுகில் உட்கார்ந்திருந்தான். முழங்கையில் தலைக்கவசம் தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பும்போது எதில் போகப்போகிறான் என்பதை அது சொல்லிவிட்டது. குதிரை செம்மண் நிறத்தில் பத்து வயதுப் பெட்டை. பின்புறம் நடுவில் பள்ளம் விழுகிற அளவுக்குக் கொழுப்பு.

அபாஸ் நேராகக் கொட்டகைக்கு வந்தான். நான் எஞ்சினின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் உருளைகளிலிருந்து பிளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"என்னக்கா, பொண்ணக் குளிப்பாட்டி எண்ணெய் தேச்சு அனுப்புறீங்களா? அழுக்கோடயே கூட்டிட்டுப் போயிருப்பேனே."

"பொண்ணு தூங்கப் போறா தம்பி. ஏப்ரல்லதான் எழுந்திருப்பா."

அவன் சிரித்தான். தோக்தோசுன் சிரிக்கவில்லை. "உம்சுனாய், அதக் கீழ வெச்சிட்டு வா," என்றார். "குதிரைய ஒரு தடவை பாத்துச் சொல்லு. சினையா இருந்தா அறுக்கக் கூடாது, பாவம். அபாஸ் இல்லேங்கிறான். உன் கை சொன்னாத்தான் எனக்குத் திருப்தி."

என் வண்டியை எடுத்துக்கொண்டு போக வந்தவர் என் கையை நம்பிக் கேட்டார். கொஞ்சமும் கிண்டல் இல்லாமல்தான் கேட்டார். பள்ளத்தாக்கில் இதைப் பார்த்துச் சொல்ல வேறு யாரும் இல்லை.

சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டிக்கொண்டு சூரியகாந்தி எண்ணெய் தடவினேன். வலது தோள்பட்டை எலும்பு ஆகஸ்டில் ஓடையைக் கடக்கும்போது வண்டி சாய்ந்து உடைந்தது. இன்னும் முழுதாகத் தூக்க முடியாது. இடது கை. குதிரையை வாசல் கம்பத்தில் கட்டி, அபாஸ் வாலைப் பிடித்துக்கொண்டான். எசென் குதிரையின் இடுப்பைப் பிடிப்பதுபோல என் பக்கம் குனிந்தார். அவர் வாயிலிருந்து வந்த ஆவி என் காதில் பட்டது.

"சினைன்னு சொல்லிடு. யாருக்கும் மானம் போகாது. எல்லாம் முடிஞ்சிடும்."

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே எட்டு. குதிரைக்குள் என் கை மட்டும் கதகதப்பாக இருந்தது. கருப்பை வெறுமையாக, தளர்ந்து, கையுறை விரல்போல் கிடந்தது. நன்றாகத் தேடினேன். இல்லாததைத் தேடவும் நேரம் எடுத்துக்கொள்ளவேண்டும். எசென் சொன்னது கெட்ட யோசனை என்று சொல்லமாட்டேன். ஒரே சொல். குதிரை வசந்தம் வரை வாழும், அண்ணனின் வாழ்த்தும் பழுதாகாது, அபாஸ் திரும்பிப் போவான். அடுத்த வாரம் வேறு குதிரையோடு வருவான். அதற்கு ஒரு பொய், பிறகு அதற்கடுத்ததற்கு ஒன்று. ஜூன் மாதம் மேலே யாராவது ஒரு மேய்ப்பன் என்னிடம், "அக்கா, இது சினையா?" என்று கேட்கும்போது நான் சொல்லும் பதில் எதனால் ஆனதாக இருக்கும்? எனக்கு வண்டி வேண்டும். இப்படித் திருடிக்கொள்ள வேண்டாம்.

கையை எடுத்து வைக்கோலில் துடைத்தேன்.

"சினை இல்ல. விலாவுல நாலு விரல் கொழுப்பு இருக்கு. நல்ல குதிரை."

எசென் கண்ணை மூடிக்கொண்டார். தோக்தோசுனின் முகம் இளகியது. "நீ புத்திசாலின்னு எனக்குத் தெரியும்," என்றார்.

"வண்டி தரமாட்டேன் மாமா."

அபாஸ் வாலை விட்டான்.

"என்ன சொன்ன?"

"குதிரை நல்ல குதிரைதான். வண்டி தரமாட்டேன். ரெண்டும் வேற வேற."

"ஒன்பது பேர் முன்னாடி உன் புருஷன் ஓமின் சொன்னான்."

"அவரு சொன்னாரு. அவருகிட்ட இருக்கறதக் கேளுங்க. பூமி உருண்டை ஒண்ணு வெச்சிருக்காரு, அபாஸ் தூக்கிட்டுப் போகட்டும். வண்டி எங்கப்பா எனக்குக் குடுத்த சீதனம். அதுக்கு நான் கை ஏந்தணும். நான் அந்தப் பந்தியில இல்ல, அடுப்படியில இருந்தேன்."

தோக்தோசுன் என் பக்கம் இரண்டடி எடுத்து வைத்தார். பெரிய மனிதர், என்னை அடிப்பவர் இல்லை. குரலைத் தாழ்த்தினார். "ஆகஸ்ட்டுல நாலு மணி நேரம் உன்ன லாரியில கீழ கொண்டாந்தேன். ஒவ்வொரு பள்ளத்துலயும் உன் எலும்பு உரசற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. நீ கத்தக்கூட இல்ல. அடுத்த தடவை துணி சுத்தின உடம்பத்தான் கொண்டாரணும். அதுக்கு நான் வரமாட்டேன்."

அவர் சொன்னது உண்மை. அந்த நாலு மணி நேரமும் அவர் எனக்காக மெதுவாக ஓட்டினார், வழியெல்லாம் தன் அம்மாவைக் கூப்பிட்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே. அதற்கு நான் நன்றி சொல்லவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"நீங்க இல்லேன்னா அன்னைக்கே செத்திருப்பேன் மாமா. அத மறக்கல. அதுக்காக வீட்டுல உக்கார மாட்டேன்."

"அப்ப கேட்டுக்கோ. இந்தக் குளிருக்கு என் வீட்டிலேருந்து ஒரு எலும்புகூட இங்க வராது. மேல போற நாப்பது குடும்பத்துக்கும் நானே சொல்றேன். அடுத்த கோடையில ஒருத்தனும் உன்னக் கூப்பிட மாட்டான்."

"கூப்பிட வேணாம். வயித்துல கன்னு குறுக்கால நிக்கறப்ப கூப்பிடுவாங்க."

அபாஸ் இருமினான். சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன். தோக்தோசுனும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும், அவனைத் திரும்பிப் பார்த்தார். அபாஸ் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, குதிரையை அவிழ்த்து, கம்பத்தில் கால் வைத்து ஏறி, அந்த வழுக்கும் முதுகில் மறுபடி உட்கார்ந்தான். "வேற குதிரை வேணும்னா சொல்லுங்கக்கா, பாக்குறதுக்கு மட்டும்," என்றான். லாரி கிளம்பியது. குதிரை அதன் புகைக்குப் பின்னால் நிதானமாக நடந்து போயிற்று. வருகிறபோது இருந்த அதே நடை.

நான் கொட்டகைக்குத் திரும்பினேன். கையில் குதிரையின் மணம் இருந்தது. பனியால் தேய்த்துக் கழுவினேன். பிளக் துளைகளில் பக்கத்துக்கு இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, உதைகம்பியைக் கையாலேயே மெதுவாக அழுத்தினேன். ஆறு தடவை. உள்ளே எண்ணெய் சுவரெல்லாம் படர்வது, சேற்றில் ஒரு கால் எடுத்து வைப்பது மாதிரி கேட்டது. பிளக்குகளைத் திரும்பப் பூட்டினேன். எலி நுழையாமல் புகைக்குழாய்களில் எண்ணெய்த் துணி அடைத்தேன்.   இந்தக் குளிருக்கு எங்களுக்கு உருளைக்கிழங்கு இருக்கிறது, மூன்று கிழட்டு ஆடு இருக்கிறது, அதற்கு மேல் இல்லை. நாற்பது குடும்பத்தில் எத்தனை பேர் தோக்தோசுன் பேச்சைக் கேட்பார்கள் என்று எண்ண ஆரம்பித்து, பதினாறில் நிறுத்திவிட்டேன்.

கடைசி வேலை, டயர் ஒரே இடத்தில் நசுங்காமல் இருக்கப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குவது. முந்நூறு கிலோவுக்கு மேல் எடை. நீளமான மரக்கம்பு ஒன்றைச் சட்டத்துக்குக் கீழே கொடுத்து, நடுவில் கல்லை வைத்து, நுனியில் என் எடை முழுவதையும் போட்டேன். வலது தோள் ஊசி குத்துவதுபோல வலித்தது. சக்கரம் அசைந்தது, எழவில்லை. மறுபடி போட்டேன். பிறகு கம்பு எதிர்பாராமல் கீழே இறங்கியது. பார்த்தால் என் கைகளுக்கு அடுத்து இன்னும் இரண்டு கைகள், வருடக்கணக்காகச் சுண்ணாம்புத்தூள் ஊறிய விரல்கள்.

எசென் என்னைப் பார்க்காமல் கம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே அண்ணன் வீட்டுல எப்படிப் போய் உக்காருவேன்? அந்த ஒன்பது பேருக்கும் என்ன சொல்லுவேன்?"

கம்பிலிருந்து ஒரு கையை எடுத்துக் கட்டையைத் தேடினேன். 

"அப்படியே பிடிங்க," என்றேன். "கட்டையத் தள்ளுறேன்."

மண்டியிட்டுக் கட்டையை உள்ளே நகர்த்தினேன். கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்த்தேன். சக்கரத்துக்கும் தரைக்கும் இடையில் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. அதன் வழியாக வெளியே முற்றத்துப் பனி. உள்ளங்கையைத் தட்டையாக்கி நுழைத்தேன். விரல் கணு வரைதான் போயிற்று.

"போதுமா?" மேலே அவருடைய மூச்சு இரைத்தது.

"இன்னும் ஒரு விரல்."