உப்பு ஊற்று

"இது எப்பவும் இப்படித்தான் கத்துமா?" என்று கேட்டாள் ஜஹீருன்னிசா.

"கடல்னா கத்தும். நம்ம பாலாறு மாதிரி ஊமையா இருக்குமா?" என்று சிரித்தான் ஷபீ அஹமது.

நிக்காஹ் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஆம்பூரில் தோல் பதனிடும் கிடங்கில் மேற்பார்வை பார்க்கும் ஷபீ, பரங்கிப்பேட்டையில் ஒரு தோஸ்த்தின் வீட்டுக் கல்யாணத்துக்கு மனைவியையும் அழைத்து வந்திருந்தான். வெளியாட்கள் முன் துப்பட்டி விலகக் கூடாது என்று சொல்லித்தான் மாமியார் அனுப்பி வைத்தாள். தலை முதல் கால்வரை மூடிய அந்த வெள்ளைத் துணிக்குள்ளிருந்து ஜஹீருன்னிசா முதன்முதலாகக் கடலைப் பார்த்தாள். பார்த்ததிலிருந்து பயத்தில் ஷபீயை ஒட்டியே நடந்தாள்.

வெள்ளாறு கடலில் சேரும் இடம் அது. கரையோரம் சதுப்புக் காடு; அதன்மேல் கொக்குகள். ஆற்றின் நடுவே நீளமாக ஒரு மணல் திட்டு. கணுக்கால் தண்ணீரைக் கடந்து இருவரும் அதன் கடைசிவரை நடந்தார்கள். வெயிலில் அவளுக்கு நாக்கு வறண்டது.

"இரு, ஊத்து தோண்டித் தர்றேன்," என்று ஷபீ மண்டியிட்டான்.

ஆம்பூரில் எல்லாரும் செய்வதுதான். வறண்ட பாலாற்று மணலைக் கையால் தோண்டினால் முழங்கை ஆழத்தில் தெளிந்த தண்ணீர் சுரக்கும். இங்கும் சுரந்தது. ஒரு வாய் அள்ளிக் குடித்தவன் துப்பினான்.

"தூ! உப்புத் தோல் ஊறவச்ச தண்ணி மாதிரி கீது."

"ஆழம் கம்மியோ என்னமோ?"

வேறு இடத்தில் தோண்டினான். அதுவும் உப்பு. மூன்றாவது குழியில் அவளும் கை வைத்தாள். தோண்டும் மும்முரத்தில் சற்று நேரம் பயம்கூட மறந்திருந்தது.

தற்செயலாகத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். கரைப்பக்கம் அவன் கழற்றி வைத்த செருப்புகள் தண்ணீரில் மிதந்து போய்க்கொண்டிருந்தன.

"ஏங்க, தண்ணி ஏறுது."

"மழையே இல்ல, எப்படி ஏறும்?"

ஆனால் ஏறியிருந்தது. கணுக்கால் அளவே இருந்த இடத்தில் அவன் இறங்கியபோது தண்ணீர் இடுப்பைத் தொட்டது. அடுத்த அடியில் கால் வழுக்க, நீரோட்டம் ஆளை இழுத்தது. ஜஹீருன்னிசா பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இருவருக்கும் நீச்சல் தெரியாது.

திட்டு சுருங்கிக்கொண்டே வந்தது. தோண்டிய குழிகள் ஒவ்வொன்றாக மூடிப்போயின. தூரத்தில் ஒரே ஒரு தோணி. ஷபீ தொண்டை கிழியக் கூப்பிட்டும் குரலைக் காற்று அடித்துப் போனது. தண்ணீர் அவள் முழங்காலுக்கு வந்தது.

அவன் ஒரு முறை அவளுடைய துப்பட்டியைப் பார்த்தான். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான். கேட்க அவனுக்கு வாய் வரவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. துப்பட்டியைத் தானே உருவினாள்.

"என்னைத் தூக்குங்க."

அவள் இடுப்பைக் கட்டித் தூக்கினான். வெறும் தலையோடு, கை வலிக்க வலிக்க அந்த வெள்ளைத் துணியை வீசினாள். தோணி அசையவில்லை. இன்னும் வீசினாள். அல்லாவின் பெயரைத் தவிர வேறெதுவும் நினைவில் இல்லை. பிறகு தோணியின் மூக்கு மெல்லத் திரும்பியது.

தோணிக்காரர் அவர்களை ஏற்றியபோது ஷபீயின் மார்புவரை தண்ணீர்.

"கடல் பொங்கி ஓதம் ஏறுற நேரத்துல இங்க என்னப்பா வேலை? புதையல் தேடுனியா?"

"குடிக்கத் தண்ணி தோண்டினோம்," என்றான் ஷபீ.

அவர் துடுப்பை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். "எந்த ஊரு?"

"ஆம்பூர்."

"அதான பாத்தேன்," என்று காலடியிலிருந்த தண்ணீர்ப் பானையை நகர்த்தி வைத்தார். "குடிங்க. மொதல்ல பொண்ணுக்குக் குடு."

பானையை அவனே பிடித்து அவளைக் குடிக்க வைத்தான். கரையில் ஆண்கள் கூடியிருந்தார்கள். துப்பட்டியைப் பிழிந்து அவள் தலையில் போட்டான் ஷபீ.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத," என்று முணுமுணுத்தான்.

அவள் ஈரத் துணியை நெற்றிவரை இழுத்துவிட்டாள். "துப்பட்டியப் பத்தியா?"

"இல்ல. அதை நானே சொல்லிக்கறேன். கடலோரத்துல ஊத்து தோண்டினதைச் சொல்லாத, ஊரே சிரிக்கும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். திட்டு இருந்த இடத்தில் அலை புரண்டது. கரை ஏறிய பிறகும் அவன் கையை அவள் விடவில்லை.