ஏரியில் கேட்ட குரல்

மூன்றாவது கோப்பைத் தேநீரையும் ஓமுர்பெக் தொடாமல் தள்ளி வைத்தபோது, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த புருலின் கை அப்படியே நின்றது. முதல் கோப்பையில் பால் அதிகம். இரண்டாவதில் சூடு இல்லை. மூன்றாவதில் என்ன குறை என்று அவர் உடனே சொல்லவில்லை. கோப்பையைப் பார்த்தார், விடுதிக்காரப் பெண்ணைப் பார்த்தார், கடைசியில் மனைவியைப் பார்த்தார்.

"தண்ணி கொதிக்கவே இல்ல. இதக்கூடப் பாத்து வாங்கத் தெரியாதா உனக்கு?"

விடுதிக்காரப் பெண் முகம் சிவந்து உள்ளே போனாள். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் தங்கள் தட்டுகளைப் பார்த்துக்கொண்டார்கள். மகள் செய்னேப் கணவனின் காலை மேசைக்கடியில் மெதுவாக மிதித்தாள், நீ எதுவும் பேசாதே என்று. மருமகன் தாலாய்க்கு அந்த மிதி தேவைப்படவில்லை. இரண்டு நாட்களாக அவன் மாமனாரிடம் 'சரிங்க மாமா' என்பதைத் தவிர வேறொன்றும் பேசியிருக்கவில்லை.

இசிக்குல் ஏரிக்கு வந்து இது மூன்றாவது நாள், கடைசி நாளும்கூட. முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் புருல் ஏரியைப் பார்க்க வந்தது இதுதான் முதல் தடவை. ஊரிலிருந்து நாலு மணி நேரம்தான். ஆனால் ஓமுர்பெக் கால்வாய்க்கு மதகுக்காரர். யாருடைய வயலுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று முறை வைத்துத் திறந்துவிடும் வேலை. கோடைக்காலம் முழுக்க மதகை விட்டு நகர மாட்டார். குளிர்காலத்தில் யார் ஏரிக்குப் போவார்கள்? ஓய்வு பெற்ற பிறகும் புதிதாக வந்த ஆளுக்கு வேலை தெரியாது என்று தினமும் போய் நின்றார். செய்னேப்பும் தாலாயும்தான் இந்த வருடம் விடாமல் பேசிப் பேசிக் கிளப்பிக்கொண்டு வந்தார்கள். புருல் பத்து நாட்களுக்கு முன்பே பையில் துணிகளை அடுக்கத் தொடங்கிவிட்டாள். தண்ணீரில் இறங்குவதற்கென்று ஒரு பழைய பருத்தி கவுனைத் தேடி எடுத்து, அதன் கிழிசலைத் தைத்து, மற்றத் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தாள்.

வழியெல்லாம் ஓமுர்பெக் தாலாய்க்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். சாலையோரம் புகையில் வாட்டிய மீன் விற்றவளிடம், இது நேற்றைய மீன் என்று சண்டை பிடித்தார். அவள் மீனைப் பிடுங்கித் திரும்பக் கம்பியில் மாட்டிவிட்டாள். விடுதியில் மெத்தை குழி விழுந்திருக்கிறது என்று அறையை இரண்டு முறை மாற்றச் சொன்னார். இரண்டாம் நாள் படகில் போக நால்வரும் வரிசையில் நின்றார்கள். மிதவைச் சட்டையின் வார் அறுந்திருப்பதை ஓமுர்பெக் கண்டுபிடித்துப் படகுக்காரனிடம் ஆரம்பித்தார். வாக்குவாதம் முடிவதற்குள் படகு மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வார் அறுந்திருந்தது உண்மைதான். அவர் சொல்லும் குறை பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அதனாலேயே அவரோடு வாழ்வது கஷ்டம்.

இந்த மூன்றாம் நாள் காலையில், தேநீர் மேசையிலிருந்து புருல் எழுந்து நின்றாள்.

"நான் ஏரியில இறங்கப் போறேன்," என்றாள்.

ஓமுர்பெக் சிரித்தார். "இந்த வயசுல? ஊர் சிரிக்கவா?"

"ஊர் இங்க வரலையே."

அவள் இப்படிப் பதில் சொல்வது வழக்கமில்லை. நிற்காமல் அறைக்குப் போய் கவுனை மாற்றிக்கொண்டு, பின் கதவு வழியாகக் கரைக்கு நடந்தாள். செய்னேப்பும் தாலாயும் ஊருக்கு ஏதாவது வாங்கிப்போகச் சந்தைக்குக் கிளம்பினார்கள். ஓமுர்பெக் அவர்களோடு போகவில்லை. விடுதியின் பின்வாசலை ஒட்டி வாதுமை மரத்தடியில் ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் உட்கார்ந்துகொண்டார். கரையிலிருந்து பார்த்தால் வேலிப் புதர் அவரை மறைத்தது.

தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. முழங்கால், இடுப்பு, மார்பு என்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினாள். எதிர்க்கரையின் பனிமலைகள் தண்ணீருக்கு மேலே தனியாக நின்றன. உதட்டில் லேசாக உப்புக் கரித்தது. இவ்வளவு பெரிய தண்ணீருக்கு முறை கிடையாது, மதகு கிடையாது, யாரும் யாரிடமும் சண்டை போட வேண்டாம் என்று நினைத்தாள்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"புருல்."

அதே குரல். சட்டைப் பொத்தான் காணவில்லை என்றாலும், விருந்தாளி வந்தாலும், மழை வந்தாலும் அதே கோபக் குரல்தான். அவள் திரும்பவில்லை. இரண்டாம் முறையும் கேட்டது, இன்னும் கடுப்பாக. இங்கேயும் விட மாட்டானா இந்த மனிதன் என்று பல்லைக் கடித்தாள். மூன்றாவது முறை கேட்டபோது தலையைப் பின்னால் சாய்த்து, இரண்டு காதுகளும் தண்ணீருக்குள் போகும்படி மிதந்தாள். உலகம் அப்படியே நின்றுவிட்டது. அவளுக்குத் தெரிந்து அப்படியொரு நிம்மதி அதற்கு முன் வாய்த்ததில்லை.

தலையைத் தூக்கியபோது குரல் நின்றிருந்தது. கோபித்துக்கொண்டு அறைக்குப் போயிருப்பார், போகட்டும் என்று இன்னும் கால் மணி நேரம் தண்ணீரிலேயே இருந்தாள். கரையேறி நடக்கும்போது பதிலைத் தயார் செய்துகொண்டாள். வேலிப் புதரைத் தாண்டியதும் அவர் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது, தொப்பி நெற்றிக்கு இறங்கியிருந்தது. அவர் வாயைத் திறக்கும் முன் முந்திக்கொள்ள வேண்டும் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிட்டாள்.

"கூப்பிட்டது காதுல விழலங்க. காத்து அந்தப் பக்கமா அடிச்சுது."

முழுவதையும் சொல்லி முடித்த பிறகுதான் அவருடைய கை பெஞ்சுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்த விதத்தைக் கவனித்தாள்.

*

வந்த மருத்துவர் இளம் பெண். இதயம் என்றாள். பக்கத்தில் ஆள் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது, ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும் என்று ஆறுதலாகச் சொன்னாள். காகிதத்தில் எழுதுவதற்காக, வலி வந்தபோது யாரையாவது கூப்பிட்டாரா என்று கேட்டாள்.

"தெரியல," என்றாள் புருல். ஈரக் கவுனிலிருந்து சிமெண்டுத் தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எல்லாமே தொல்லையாக இருந்தது. மற்ற விருந்தாளிகள் சாப்பாட்டுக்கு வருவதற்குள் உடலை எடுத்துவிட முடியுமா என்று விடுதிக்காரப் பெண் கையைப் பிசைந்தாள். காரில் கிடத்த முடியாது. தாலாய் மூன்று இடங்களுக்கு அலைந்து, உருளைக்கிழங்கு ஏற்றும் ஒரு மூடுவண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தான். அதில் மண் வாசம் அடித்தது. ஒரு கம்பளத்தை விரித்து அவரைக் கிடத்தினார்கள். நீ முன்னால் உட்கார் அம்மா என்று செய்னேப் அழுதுகொண்டே கெஞ்சினாள். புருல் கேட்காமல் பின்னால் ஏறிக் கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். செய்னேப் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாலாய் காரில் பின்தொடர்ந்தான்.

ஊருக்குப் போகும் வழியில் பூம் கணவாய் வந்தது. வளைவுகள் தொடங்கியதும் அவருடைய தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. தன் சால்வையைச் சுருட்டி அண்டக் கொடுத்தாள். அப்போது மெல்லிய குரலில் திட்ட ஆரம்பித்தாள்.

கல்யாணத்துக்கு மறுநாள் தன் அம்மா அனுப்பிய பலகாரத்தைக் குறை சொன்னதிலிருந்து தொடங்கினாள். செய்னேப் பிறந்தபோது மருத்துவமனை வாசலில் நர்ஸோடு சண்டை போட்டது. தன் அண்ணன் பதினொரு வருடம் வீட்டுப் படி மிதிக்காமல் போனது. பக்கத்து வயல் சத்தாரோடு தண்ணீர் முறைக்காகச் சண்டை போட்டு, அவன் பெண்டாட்டியோடு தானும் பேசக் கூடாது என்று தடுத்தது. கிணற்றடியில் அந்தப் பெண் சிரித்தபோதெல்லாம் தான் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"மூணே மூணு நாளு," என்றாள் அவரிடம். "மூணு நாளு வாய மூடிட்டு இருக்க முடியலையா உங்களால? கூப்பிடறதுலயாவது ஒரு வித்தியாசம் வேண்டாமா? உப்பு கேக்கறதுக்கும் உசுரு போறதுக்கும் ஒரே குரலா? நான் எப்படிங்க கண்டுபிடிப்பேன்?"

அவர் பதில் சொல்லவில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் அவள் பேசி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசாதது இதுதான் முதல் தடவை. அவள் மேலே திட்ட முயன்றாள். சொல்ல இன்னும் எவ்வளவோ இருந்தது. ஆனால் பதில் வராத சண்டை நீளவில்லை.

*

சாயங்காலத்துக்குள் ஊரில் வீட்டு முற்றத்தில் வெள்ளைக் கம்பளக் கூடாரம் எழும்பிவிட்டது. ஓமுர்பெக்கைத் திரைக்குப் பின்னால் கிடத்தினார்கள். கறுப்பு உடுத்த புருலும் செய்னேப்பும் திரைக்கு முன்னால், ஊர் வழக்கப்படி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். வெளியே ஆண்கள் கோலை ஊன்றிக் குனிந்து நின்று, ஒவ்வொருவர் வரும்போதும் சத்தமாக அழுதார்கள்.

எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். நேர்மையான மனிதர் என்றார்கள், தங்க மனசு என்றார்கள். சத்தாரின் குரலும் கேட்டது. "என் அண்ணனே, என் மலையே," என்று கதறிக்கொண்டு வந்தான். பல வருடமாக இவரைக் கண்டால் எதிரே துப்பிவிட்டுப் போகிறவன். புருலுக்கு எரிச்சலாக வந்தது. எழுந்து போய் அவன் சட்டையைப் பிடித்து, இருக்கும்போது வந்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றியது.

கணவருடைய அக்கா உம்சுனாய் பின்னாலிருந்து அவள் முதுகைத் தட்டினாள். "பாடி அழு புருல். ஊரே பாக்குது. பொண்டாட்டி ஒப்பாரி இல்லாம என் தம்பி போறதா?"

"வரலையே அண்ணி."

"வரலன்னா? வரவழைக்கணும். முப்பத்தெட்டு வருஷம் சோறு போட்டவன்."

கழுகே, சிங்கமே என்று ஆரம்பிக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியும், எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறாள். நாக்கு எழவில்லை. மறுநாள் காலையும் அப்படியே போயிற்று. உம்சுனாய் எல்லோர் காதிலும் விழும்படி முணுமுணுத்தாள்.

பெண்கள் கொஞ்ச நேரம் அடுப்படிக்குப் போயிருந்தபோது, செய்னேப் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்பா கூப்பிட்டாராம்மா?"

வெளியே யாரோ விறகு பிளந்தார்கள்.

"கூப்பிட்டார். மூணு தடவ."

செய்னேப்பின் தோள் அசைந்தது, அழுகையா வேறு எதுவா என்று தெரியவில்லை. "அவர் எப்பவும் கூப்பிட்டுக்கிட்டேதானம்மா இருப்பாரு," என்றாள். தாயின் முகத்தை அவள் பார்க்கவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை. முழங்கால் மேல் முழங்கால் படும்படி நகர்ந்து உட்கார்ந்தாள்.

நண்பகலுக்கு முன் குளிப்பாட்டி வெள்ளைத் துணி சுற்றினார்கள். ஆண்கள் உடலைத் தூக்க உள்ளே வந்தபோது, யாரும் எதிர்பார்க்காமல் புருல் வாயைத் திறந்தாள். கழுகும் வரவில்லை, சிங்கமும் வரவில்லை.

"ஊருக்கெல்லாம் தண்ணிய அளந்து வச்சவரே, ஒரு சொட்டு யாருக்கும் கூட்டிக் குறைக்காதவரே," என்று இழுத்தாள். "ஒரு வாய் டீயையும் நிம்மதியா நீங்க குடிக்கலையே, என்னையும் குடிக்க விடலையே. யாருகிட்ட கோவிச்சுக்கிட்டு இப்படிப் போறீங்க, சொல்லாமக் கொள்ளாமப் போறீங்க."

உம்சுனாய் அவள் தொடையைக் கிள்ளினாள். மூலையிலிருந்து ஒருத்தி மூக்கை உறிஞ்சி, "ஆமாம்டி, என் வீட்டுக்காரனும் அப்படித்தாண்டி போனான்," என்று அதே ராகத்தில் எடுத்தாள். பிறகு மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. புருல் கூடாரத்து வாசல் வரைக்கும் வந்து நின்றாள். ஆண்கள் பாடையைத் தோளில் ஏற்றித் தெருவில் இறங்கினார்கள். நாற்பது ஐம்பது பேர், தோள் மாற்றி மாற்றி, வெயில் உச்சிக்கு வருவதற்குள் சேர்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் வேகமாக நடந்தார்கள். முன்னால் பிடித்திருந்தவர்கள் உயரமானவர்கள். திருப்பத்தில் பாடை ஒரு பக்கம் சாய்ந்து குலுங்கியது.

"மெதுவாப் போங்க. பாத்துத் தூக்கத் தெரியாதா உங்களுக்கு?"

சத்தம் தெருவுக்கே கேட்டது. பெண்கள் திரும்பி அவளைப் பார்த்தார்கள். செய்னேப்பும் பார்த்தாள். புருல் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முன்னால் போனவர்கள் நடையைக் குறைக்கவில்லை. நெட்டிலிங்க மரங்களைத் தாண்டி ஊர்வலம் மறைந்த பிறகும், புழுதி மட்டும் சாலைக்கு மேலே கொஞ்ச நேரம் இறங்காமல் நின்றது.